மூன்று மணிக்குள் வெங்கடேசன்

ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே செருகியிருந்த செல்போனில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இதோடு பதினோரு முறை.

"எடுண்ணே... ஒரு தபா எடுண்ணே..."

ஜெகன் மொபெட்டின் ஆக்சிலேட்டரை அதற்கு மேல் திருக இடமில்லாத அளவுக்குத் திருகினான். அப்பாவின் வண்டி. உர மூட்டை சுமந்தே பழகிய அதற்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. தச்சூர் கூட்டு ரோட்டில் பொன்னேரிப் பக்கம் சடாரென்று ஒடித்தான். பின்னால் வந்த கன்டெய்னர் லாரி அலறிக்கொண்டு பிரேக் போட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, ஜெகனின் குடும்பத்தில் மூன்று தலைமுறையை நலம் விசாரித்தார்.

எதுவும் காதில் விழவில்லை. மணி பன்னிரண்டு ஐம்பது.

மூன்று மணிக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் கவரைப்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறாள். அதற்குள் வெங்கடேசன் அங்கே நிற்க வேண்டும். "ஆமா, இது என் வண்டிதான்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். க்ளெய்ம் படிவத்தில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

நின்றால், நசுங்கிக் கிடக்கும் கார் மறுபடி ரோட்டுக்கு வரும். நிற்கவில்லையென்றால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்காமல் ஓவர்டைம் அடித்த உழைப்பு, கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அது வெங்கடேசன் வண்டி இல்லை. இருபத்தாறு நாளைக்கு முன்னாலேயே ஜெகன் வாங்கிவிட்டான்.

போன் அதிர்ந்தது. பதறி எடுத்தான். வெங்கடேசன் இல்லை, புரோக்கர் தணிகாசலம்.

"இன்னாபா, ஆளு மாட்டினாரா?"

"எடுக்கவே மாட்டேன்றாருண்ணே. நேத்து ராத்திரி அவரு சம்சாரம் எடுத்தாங்கோ. டூட்டிக்குப் போயிக்கீறாருன்னு வெச்சிட்டாங்கோ. காலைலேர்ந்து அதுவும் இல்ல."

"டூட்டியா? நல்ல டூட்டிபா அது! நா ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. வண்டி முன்னாடி பூரா போச்சு. கம்பெனிக்காரன் ரிப்பேர் தாங்காது, டோட்டல் லாஸுன்னு எழுதிட்டான்னு வெய்யி. டப்பு யாரு அக்கவுண்டுக்குப் போவும்?"



"ஆர்.சி.ல யாரு பேரு கீதோ அவரு அக்கவுண்டுக்கு! ஒருக்கா வித்த காசும் அவருக்கு, இன்சூரன்ஸ் காசும் அவருக்கு. இப்ப எதுக்கு போன எடுக்கப் போறாரு? உக்காந்த எடத்துல மாம்பழம் சாப்டுகினு இருப்பாரு."

"அவரு அப்பிடிப்பட்ட ஆளு இல்லண்ணே."

"எல்லாரும் அப்பிடிப்பட்ட ஆளு இல்லாதவங்கதாம்பா, செக்கு வர்ற வரைக்கும். ஊட்டுக்கே போயி சட்டயப் புட்ச்சி இட்டுகினு வா. சர்வேயரு பொம்பள. நா பேசிப் பார்த்துட்டேன், மசியற டைப்பு இல்ல. மூணுன்னா மூணு."

*

காரைத் தேடி அலைந்த நாட்களில் ஜெகனுக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. பழைய கார் விற்கிறவர்கள் எல்லோருமே ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். 'டாக்டர் வண்டி சார், ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பார்.'

முதலில் பார்த்த சிவப்புக் காரும் டாக்டர் வண்டிதான். அந்த டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். இரண்டாவது, ஆவடியில் பார்த்த வெள்ளைக் கார். கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. உள்ளே மல்லிகை சென்ட். கால் மிதிக்கும் விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். ஓரங்களில் காய்ந்த சேறு, பிஸ்கட் மாதிரி பெயர்ந்து வந்தது. வெள்ளத்தில் முழுகி எழுந்த வண்டி.

மூன்றாவதுதான் வெங்கடேசனின் சாம்பல் நிறக் கார். பளபளப்பு கிடையாது. ஆனால் ஜெகன் ஒரு கேள்வி கேட்கும் முன்னாலேயே அவர் குறைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டாவது கியர் காலைல கொஞ்சம் அடம் புடிக்கும். இடது பக்க கண்ணாடி மெதுவாத்தான் ஏறும். போன வருஷம் ஒரு ஆட்டோ மேல இடிச்சி பம்பர் மாத்தினேன். வேற ஒண்ணுமில்ல. பாரு தம்பி, புடிச்சா எடு."

நாற்பத்தைந்து வயசிருக்கும். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வெல்டர். ஒல்லியாக, கன்னம் ஒட்டிப்போன மனிதர். தணிகாசலம் பின்னாலிருந்து "இப்டி வித்தா வெளங்கிரும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த நிமிஷமே ஜெகன் முடிவு செய்துவிட்டான். கார் இதுதான் என்று அல்ல, ஆள் இவர்தான் என்று.

கைக்குக் கை பணம் கொடுத்தது ஆடி மூன்றாம் தேதி.

அங்கேதான் வந்தது வினை. சாவியை வாங்கிக்கொண்டு சோழவரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் வீட்டுக்குப் போனால், அம்மா கெங்கம்மாள் வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"ஆடில வண்டி வாங்கினியா? ஊர்ல எந்தக் கிறுக்கனாவது வாங்குவானா?"

"ஆடின்றதாலதாம்மா விலை கொறச்சிக் குடுத்தாரு."

"கொறச்சி வாங்கினது போதும். உம் பேருல எழுதக் கூடாது. ஒரு எழுத்து எழுதக் கூடாது. ஆவணி பொறக்கட்டும், கோயில்ல பூஜ போட்டு அப்பறம் மாத்திக்க. அதுவரைக்கும் அது அந்த ஆளு வண்டி. நீ ஓட்டிகினு கீற, அவ்ளோதான்."

அப்பா துளசிராமன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியாது. அவர் டிராக்டர் வாங்கிப் பேர் எழுதியது ஒரு ஆடியில். பத்தாம் நாள், மண் கிளறும் ரோட்டவேட்டரில் வலது கை விரல் இரண்டு போனது. அன்று முதல் அந்த வீட்டில் ஆடி மாசத்தைப் பற்றிப் பேச அம்மாவுக்கு மட்டும்தான் உரிமை.

ஜெகன் வெங்கடேசனுக்குப் போன் போட்டு, "ஆடி கழிச்சி மாத்திக்கலாண்ணே" என்றான்.

"ஆர்.சி.ய விடு தம்பி," என்றார் அவர். "இன்சூரன்ஸ விடாத. வித்த பதினாலு நாளுக்குள்ள உம் பேருக்கு மாத்திடணும். இல்லன்னா நாளைக்கு வண்டிக்கு ஒண்ணுன்னா கம்பெனிக்காரன் கைய விரிச்சிடுவான். அவன் எனக்கும் குடுக்க மாட்டான், வண்டி என்னுது இல்ல. உனக்கும் குடுக்க மாட்டான், பாலிசி உன்னுது இல்ல."

"மாத்திடலாண்ணே" என்றான் ஜெகன். இருபத்திரண்டு வயசில் பதினாலு நாள் என்பது ரொம்ப நீளமாகத் தெரியும்.

தெரிந்தது. முடிந்தும் போனது.

நேற்று ஆடி இருபத்தெட்டு. சிப்காட்டில் கம்பெனி கேட்டுக்கு எதிரே காரை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே போனான். ஷிப்ட் முடிந்து வந்தால் டீக்கடை வாசலில் கூட்டம். இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர் ஒன்று ரிவர்ஸ் எடுத்திருக்கிறது. காரின் முன்பாதியை அப்பளம் மாதிரி நொறுக்கிவிட்டு, அதே வேகத்தில் ஆந்திரா பக்கம் பறந்துவிட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை. "பச்சை கலரு தார்பாய்" என்பதுதான் மொத்த சாட்சியம்.

"வித்ததச் சொல்லாத" என்று யோசனை கொடுத்தது தணிகாசலம். "வண்டி இன்னும் வெங்கடேசன் வண்டி. நீ அவரு ஃப்ரெண்டு, கேட்டு எடுத்துகினு வந்த. நாளைக்கு ஓனரு நேர்ல வந்து கையெழுத்துப் போடுவாருன்னு சொல்லு."

ஜெகன் சொல்லிவிட்டான். சர்வேயர் இளமதியிடம் போனில், நாக்கு கூசாமல் சொல்லிவிட்டான்.

*

அத்திப்பட்டு புதுநகருக்கு முன்னால் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது.

நிலக்கரி ஏற்றிய கூட்ஸ். பெட்டி பெட்டியாக, எண்ணினால் தூக்கம் வந்துவிடும் போல ஊர்ந்து கொண்டிருந்தது. இரு பக்கமும் சாம்பல் லாரிகள் உறுமின. ஹெல்மெட் கண்ணாடியில் சாம்பல் படிந்து வெயிலே மங்கலாகத் தெரிந்தது.

ஒன்று நாற்பது. திரும்பிப் போக ஐம்பது நிமிஷம் வேண்டும். அதாவது இரண்டு மணிக்கெல்லாம் வெங்கடேசனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

ஜெகன் வாட்ஸ்அப்பைத் திறந்தான். ஒன்பது நாள் முன்னால் அவன் அனுப்பிய செய்தி இருந்தது. 'அண்ணே, ஆவணி ஒண்ணாந்தேதி ஆர்டிஓ ஆபீஸ் போலாமா?' கீழே வெங்கடேசனின் பதில்: 'சரி தம்பி.'

ஒன்பது நாள் முன்னால் பதில் சொன்ன மனுஷன், இன்றைக்கு ஏன் ஊமையானார்?

வாய்ஸ் மெசேஜ் பட்டனை அழுத்தினான். "அண்ணே, நா ஒங்க ஊட்டாண்ட வந்துட்டேன். மூணு மணிக்குள்ள நீங்க வரலைன்னா எம் பொழப்பே போச்சு. ஒரே ஒரு கையெழுத்துண்ணே."

அனுப்பினான். இரண்டு டிக் விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டும் நீலமாக மாறின.

கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு, பதில் இல்லை.

அப்போதுதான் முதல் முறையாகத் தணிகாசலம் சொன்ன மாம்பழம் ஞாபகம் வந்தது. குறைகளையெல்லாம் தானே சொன்ன ஒல்லி மனிதர். அதுவே ஒரு நடிப்பாக இருந்தால்? பதினாலு நாள் பற்றி அவ்வளவு கரெக்டாகச் சொன்னவருக்கு, பதினைந்தாம் நாள் என்ன நடக்கும் என்றும் தெரிந்திருக்காதா?

கேட் திறந்தது. நூறு ஹாரன்கள் ஒரே நேரத்தில் கத்தின. ஜெகன் இரண்டு லாரிகளுக்கு நடுவே மொபெட்டை நுழைத்தான்.

*

மூன்றாவது தெரு. பச்சை கேட். இதே கேட்டுக்கு முன்னால்தான் சாவியை வாங்கினான்.

கேட் தாழ் போட்டிருந்தது. உள்ளே கதவு ஒருக்களித்திருந்தது.

"வெங்கடேசண்ணே!"

உள்ளே யாரோ நடமாடும் சத்தம் மட்டும் கேட்டது.

"வெங்கடேசண்ணே! உள்ள கீறீங்கோன்னு தெரியும். மெசேஜ பார்த்துட்டீங்கோ. வெளிய வாங்கோ!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஜெகன் அதைப் பொருட்படுத்தவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காத எரிச்சல், வெயில், நீல டிக், எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது.

"நல்லவரு நல்லவருன்னு நம்பினேனே! போன எடுக்காம ஒளிஞ்சிகினா இன்சூரன்ஸ் காசு தானா வந்து அக்கவுண்டுல விழும்னு பார்க்கறீங்களா? ரெண்டு வருஷம்ணே! சட்ட அழுக்கா, சோறு நேரத்துக்குச் சாப்பிடாம, ரெண்டு வருஷம்! அதப் போயி..."

கதவு முழுதாகத் திறந்தது. வெங்கடேசனின் மனைவி சுமலதா நின்றாள். தலைமுடி அள்ளி முடிந்து, கசங்கிய வாயில் புடவையில். கையில் செல்போன். அது வெங்கடேசனின் போன்.

"கத்தி முடிச்சிட்டியா தம்பி?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "இன்னும் கீதுன்னா உள்ள வந்து கத்து. தெருவுல வேணாம்."

"அவரக் கூப்பிடுங்கோ. அவராண்ட பேசிக்கறேன்."

"உள்ள வா. பேசு."

ஜெகன் செருப்பை உதறிவிட்டு விருட்டென்று நுழைந்தான்.

கூடத்தில் நாற்காலி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். சுவர் ஓரம் ஒரு மணை. மணை மேல் விளக்கு எரிந்து கொண்டிருந்தது. விளக்குக்குப் பின்னால் சட்டம் போட்ட போட்டோ. போட்டோவில் வெங்கடேசன் இன்னும் சதைப்பிடிப்போடு சிரித்துக்கொண்டிருந்தார்.

மாலை வாடியிருந்தது.

ஜெகன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"நேத்தோட பதிமூணு நாளாச்சு" என்றாள் சுமலதா. "ஈரல்ல கட்டி. மே மாசமே சொல்லிட்டாங்கோ. ஆஸ்பத்திரி செலவுக்குத்தான் வண்டிய வித்தாரு. உங்கிட்ட சொல்லல. சீக்காளி வண்டின்னா விலை கொறச்சிக் கேப்பாங்கோன்னு புரோக்கரு சொன்னானாம்."

"அக்கா... ஆனா... மெசேஜு..."

"நாந்தான் போட்டேன். 'சரி தம்பி'ன்னு." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஆளே இல்லன்னு தெரிஞ்சா நீ வண்டியக் கொண்டாந்து வாசல்ல உட்டுட்டுக் காசத் திருப்பிக் கேப்பேன்னு பயம். காசு எங்க கீது? ஆஸ்பத்திரில கட்டியாச்சு. காரியம் முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நேத்து நீ போன் பண்ணப்ப டூட்டின்னு வாயில வந்துடுச்சு. அதுக்கப்பறம் அந்த போன் அடிக்க அடிக்க, எடுக்கக் கையே வரல."

ஜெகன் தரையில் உட்கார்ந்தான்.

"மன்னிச்சிடுங்கக்கா. வெளிய... நா இன்னென்னவோ..."

"உட்றா. உனக்கு இன்னா தெரியும்?" அவள் ஒரு சொம்புத் தண்ணீரை அவன் முன்னால் வைத்தாள். "கையெழுத்துன்னு சொன்னியே, இன்னா கையெழுத்து?"

அவன் சொன்னான். நசுங்கிய கார், சர்வேயர், மூன்று மணி, தணிகாசலத்தின் யோசனை. திணறித் திணறி எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் போட்டோவை ஒரு முறை பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அந்த ஃபாரத்தக் குடு."

"எதுக்குக்கா?"

"அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்பறம் பேங்க்ல, ஆஸ்பத்திரில எல்லாத்துலயும் நாந்தான் அவரு கையெழுத்தப் போட்டேன். அச்சு அசலா வரும். அவரு ஊருக்குப் போயிட்டாரு, கையெழுத்து மட்டும் வாங்கியாந்தேன்னு சொல்லு. வண்டிய வாங்கி நீ ஏமாந்துட்டேன்னு ஆவக் கூடாது. அவருக்கே அது புடிக்காது."

ஜெகன் சட்டைக்குள் கையை விட்டான். மடித்து வைத்த படிவம் வியர்வையில் நனைந்திருந்தது. வெளியே எடுத்தான். சுமலதா அலமாரியிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

கடிகாரத்தில் இரண்டு பத்து.

ஒரு நிமிஷம் போதும். தேதி போட வேண்டும். இன்றைய தேதி. பதிமூன்று நாளைக்கு முன்னால் செத்துப்போன மனிதர் இன்றைக்குக் கையெழுத்துப் போட்டார் என்று எழுத வேண்டும். இறப்புச் சான்றிதழில் ஒரு தேதி. படிவத்தில் ஒரு தேதி. நாளைக்கு யாராவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஜெயிலுக்குப் போவது அவன் மட்டுமில்லை. எதிரே பேனாவோடு நிற்கிற இவளும்தான்.

போன் அலறியது. இருவரும் அதிர்ந்தார்கள்.

ஜெகன் திரையைப் பார்த்தான். சர்வேயர் இளமதி. அவசரத்தில் ஸ்பீக்கர் பட்டன் அழுந்திவிட்டது.

"தம்பி, நான் முன்னாடியே வந்துட்டேன். வண்டியைப் பார்த்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு. ஓனர் எங்கே? கிளம்பிட்டாரா?"

சுமலதா படிவத்தைப் பிடித்து இழுத்தாள். ஜெகன் விடவில்லை. அவள் கண்ணாலேயே 'வர்றாருன்னு சொல்லு' என்றாள்.

"தம்பி? லைன்ல இருக்கீங்களா? ஓனர் வர்றாரா, இல்லையா?"

"வரமாட்டாரு மேடம்."

"ஏன்?"

ஜெகன் கண்ணை மூடிக்கொண்டான். "அவரு இறந்துட்டாரு. ஆடி பதினாறாந்தேதி. எனக்கே இப்பத்தான் தெரியும். நா அவரு ஃப்ரெண்டும் கெடயாது. வண்டிய நா வெலைக்கு வாங்கிட்டேன், ஆடி மூணாந்தேதி. நேத்து ஒங்ககிட்ட சொன்னது பொய்."

பின்னணியில் தணிகாசலம் "ஐயையோ, பையன் இன்னாவோ ஒளறிகினு கீறான் மேடம்!" என்று கத்துவது கேட்டது.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் இளமதி அவரிடம். பிறகு ஜெகனிடம், "இப்ப சொன்னதை எழுதிக் கொடுப்பீங்களா?"

"குடுக்கறேன் மேடம்."

"குடுத்தா இந்த க்ளெய்ம் நிக்காது. வண்டிக்கு ஒரு பைசா வராது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"கையெழுத்தோட எவனாவது ஒருத்தன் வருவான்னுதான் நினைச்சேன். மாசத்துக்கு நாலு வண்டி இப்படிப் பார்க்கிறேன்." அவள் குரல் சற்றே தணிந்தது. "உங்களுக்கு முதல் வண்டியா?"

"ஆமாங்க."

"ஆடியில வாங்கினீங்க. ஆவணிக்குக் காத்திருந்தீங்க. அதானே? வித்து பதினாலு நாளுக்குள்ள, வித்தவர் வாங்கினவர் ரெண்டு பேர் கையெழுத்தோட ஒரு காகிதம் எங்க ஆபீசுக்கு வந்திருந்தா, நான் இன்னிக்கு ஓனரைத் தேடியிருக்கவே மாட்டேன். நாளைக்கு வந்து எழுதிக் கொடுங்க. வைக்கிறேன்."

லைன் அறுந்தது.

ஜெகன் படிவத்தை நான்காகக் கிழித்தான். கிழித்த துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். போயிற்று. சாம்பல் நிறக் கார் போயிற்று. அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கோபம், யார் மேல் என்று தெரியாத கோபம் வந்தது.

"அவருக்குத் தெரியுமேக்கா," என்றான். "பதினாலு நாளுன்னு எனக்குச் சொன்னதே அவருதான். நாந்தான் மடையன். அவராவது ஒரு கையெழுத்துப் போட்டு..."

சுமலதா அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"போட்டாரே" என்றாள்.

"இன்னா?"

"ஆடி எட்டாம் நாளு. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுநாளு. அந்த இன்சூரன்ஸ் காகிதம், ஆர்.டி.ஓ. காகிதம் எல்லாத்துலயும் அவரே, நடுங்கற கையால போட்டாரு. இதுல மட்டும் என்னப் போட விடல. வேணான்னு சொல்லச் சொல்ல ஸ்கூட்டிய எடுத்துகினு சோழவரத்துக்கே போனாரு, ஒங்க ஊட்டுக்கு. பையன் கையெழுத்து மட்டும்தான் பாக்கின்னுட்டு."

"எங்க ஊட்டுக்கா? வரலையேக்கா. நா டூட்டில இருந்திருந்தாலும், வந்திருந்தா..."

"வந்தாரு. ஒங்க அம்மா வாசல்லியே நிக்க வெச்சிப் பேசினாங்களாம். ஆடில காகிதம் கையால தொடமாட்டேன், ஆவணி பொறந்து வாங்கன்னு அனுப்பிட்டாங்களாம். பையன்கிட்ட சொல்லிடுங்கோன்னு சொல்லிட்டு வந்தாரு. வந்து படுத்தவருதான்."

ஜெகன் எழுந்து வாசலுக்கு வந்தான். வெயில் கண்ணைக் குத்தியது. அம்மாவின் நம்பரை அழுத்தினான். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"இன்னா நைனா, முடிஞ்சிதா? அந்த ஆளு வந்தாரா?"

"அம்மா. வெங்கடேசண்ணன் நம்ம ஊட்டுக்கு வந்தாரா? ஆடி எட்டாந்தேதி?"

எங்கோ கோழி கொக்கரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, உன்னத்தான் கேக்கறேன்."

"வந்தாரு" என்றாள் கெங்கம்மாள் கடைசியில்.

"ஏன் எங்கிட்ட சொல்லல? ஆவணிக்கு வருவாருன்னு நெனச்சியா? அவரு செத்துப்பூட்டாரும்மா! பதினாலு நாளாச்சு!"

அம்மா 'ஐயோ' என்று சொல்லவில்லை. 'எப்போ' என்று கேட்கவில்லை. 'எப்படி' என்றும் கேட்கவில்லை.

"அம்மா?"

"தெரியும் நைனா" என்றாள் மெதுவாக. "போயிடுவாருன்னு தெரியும். அவரே சொன்னாரு. எனக்கு நாள் குறிச்சிட்டாங்கம்மா, ஆவணி வரைக்கும் தாங்காது, அதான் ஓடியாந்தேன்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாரு. சாவப்போற மனுஷன் கையெழுத்துக்குப் பக்கத்துல, ஆடி மாசத்துல, எம் புள்ள பேர எப்பிட்றா எழுத விடுவேன்?"